வேட்டியும் வாசற்படியும்

போன ஞாயிறு ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். மண்டி மொஹல்லா வீட்டிலிருந்து வெளியே சாப்பிடக் கிளம்பும்போது, "வேட்டியோட உள்ள விடுவாங்களாப்பா?" என்று கேட்டார். சுருக்கென்றது. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன கிளப் வழக்கம். சட்டசபை கொதித்தது. ஆகஸ்டிலேயே சட்டம் வந்தது: வேட்டிக்காகத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

'நீதிபதியானாலும் விதி விதிதானே' என்பீர்கள். பிரபலத்துக்குச் சலுகை கூடாது, சரி. ஆனால் விதியே நம் உடுப்பைக் கேவலமாக நினைத்தால், எல்லோருக்கும் கிடைப்பது சமமான அவமானம்தானே? நீதிபதிக்கு முன்னால் பேசாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ!

அந்தச் சட்டம் தமிழ்நாட்டு எல்லையோடு சரி. இங்கே கர்நாடகத்தில் 2024 ஜூலையில் பெங்களூரு மால் ஒன்று வேட்டி கட்டிய விவசாயியைத் தடுத்தது. மாலை ஒரு வாரம் மூடுவதாக அரசு அறிவித்தது.

சுத்தமாக வரச் சொல்லட்டும், தப்பில்லை. அப்பாவிடம், "வேட்டியோடயே வாங்கப்பா" என்றேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?