சட்டைப் பைக்குள் அடங்கிய மரத்துண்டு

கலிஃபோர்னியாவில் மவுண்டன் வியூ நகரின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய மரத்துண்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதில் சிப் கிடையாது, பேட்டரி கிடையாது. ஆனாலும் கையடக்கக் கணினிகளின் வரலாற்றை அதிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

அதைச் செதுக்கியவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். 1992-ல் பாம் கம்ப்யூட்டிங் நிறுவனத்தைத் தொடங்கியவர். அடுத்த ஆண்டே கேசியோ, டேண்டி நிறுவனங்களுடன் சேர்ந்து பாம் கொண்டுவந்த ஜூமர் என்ற கையடக்கக் கணினி விலைபோகவில்லை. கனமும் அதிகம், வேகமும் குறைவு. அதே 1993-ல் ஆப்பிளின் நியூட்டன் 699 டாலருக்கு வந்தது. எழுதுவதைப் படித்துக்கொள்ளும் என்று நம்பி வாங்கினார்கள். எழுதியது ஒன்று, திரையில் வந்தது வேறொன்று.

தோல்விக்குப் பிறகு பாம் செய்த நல்ல காரியம், ஜூமரை வாங்கியவர்களிடம் போய் விசாரித்தது. மேசைக் கணினியோடு அதை இணைத்துக்கொள்ளவே பலரும் விரும்பினார்கள். தன் கருவிக்குப் போட்டி இன்னொரு கணினி அல்ல, காகித டைரிதான் என்பது ஹாக்கின்ஸுக்குப் பிடிபட்டது. சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கினார். சாப்பிடும் குச்சி ஒன்றைச் சீவி எழுதுகோலாக்கிக்கொண்டார். போகுமிடமெல்லாம் அதைக் கொண்டுபோனார். கூட்டத்தில் யாராவது சந்திக்க நேரம் கேட்டால் மரத்தை எடுப்பார், குறிப்பதுபோல் தட்டுவார். எதற்கெல்லாம் கை பைக்குள் போகிறது, எத்தனை தட்டில் வேலை முடிய வேண்டும் என்பதை அந்த மரமே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது.

கையெழுத்துச் சிக்கலை எதிர்ப்பக்கமிருந்து அவிழ்த்தார். எல்லார் கையெழுத்தையும் கணினி கற்பதைவிட, எளிய கோடுகளை மனிதர் கற்பது சுலபம். அப்படி வந்த ‘கிராஃபிட்டி’ முறையில் பெரும்பாலான எழுத்துகளுக்கு ஒரே இழுப்பு. ஆங்கில ‘ஏ’வுக்குக் குறுக்குக்கோடு இல்லை, கூரை போல ஏறி இறங்கினால் போதும். ‘டி’க்கு வலப்பக்கம் போய்க் கீழே இறங்க வேண்டும். சிறிது நேரப் பயிற்சியில் கை பழகிவிடும்.

தயாரிக்கப் பணம் வேண்டியிருந்தது. 1995-ல் யு.எஸ். ரோபோடிக்ஸ் பாமை வாங்கியது. 1996-ல் பைலட் 1000 வெளிவந்தது: விலை 299 டாலர், நினைவகம் 128 கேபி, கறுப்பு வெள்ளைத் திரை. இரண்டு சிறிய பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும். கீழே நான்கு பட்டன்கள்: நாட்குறிப்பு, முகவரி, செய்யவேண்டியவை, குறிப்பு. தாங்கியில் வைத்து ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் மேசைக் கணினியில் பதிந்துவிடும். பேட்டரி மாற்றச் சுமார் ஒரு நிமிடம்தான் அவகாசம், தவறினால் தகவல் அழியும். அழிந்தாலும் மேசைக் கணினியிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வண்ணத் திரையோ கம்பியில்லா இணைப்போ அதில் இல்லை. ஏற்ற வேண்டியதை மட்டும் ஏற்றி, ஏற்றியதைக் குறையில்லாமல் செய்தார்கள். சுமார் ஒன்றரை ஆண்டில் பத்து லட்சம் விற்றது.

வெற்றிக்குப் பின் வந்ததுதான் கடுமையான சோதனை. ஹாக்கின்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1998-ல் வெளியேறி ஹேண்ட்ஸ்பிரிங்கைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு அவர்களுடைய வைசர் கருவிக்குக் குவிந்த ஆர்டர்களை அந்தப் புது நிறுவனத்தால் சமாளிக்க முடியவில்லை; வாங்கியவர்கள் காத்துக்கிடந்தார்கள். பாம் 2000 மார்ச்சில் பங்குச் சந்தைக்கு வந்தது. 38 டாலருக்கு விற்ற பங்கு முதல் நாளிலேயே 95 டாலரைத் தாண்டி முடிந்தது. மறு ஆண்டு மார்ச்சில் எம்500, எம்505 என்ற புது மாடல்களை, சரக்கு தயாராகும் முன்னே தண்டோரா போட்டு அறிவித்துவிட்டார்கள். புதியது வரப்போகிறதென்று தெரிந்தபின் பழையதை யார் வாங்குவார்கள்? பழைய மாடல்கள் கிடங்கில் தேங்கின. புதியவையோ சொன்ன வேகத்தில் கடைக்கு வரவில்லை. அந்த இடைவெளியில் போன பணம் பல கோடி டாலர்.

பிறகு நடந்தது சுருக்கமானது. 2003-ல் ஹேண்ட்ஸ்பிரிங்கும் பாமும் ஒன்றாயின. 2007-ல் ஐஃபோன் வந்தது. 2010-ல் எச்.பி. 120 கோடி டாலருக்குப் பாமை வாங்கியது. மறு ஆண்டே அந்தக் கருவிகளின் தயாரிப்பை நிறுத்தியது.

பைலட்டை வளர்த்தது, வாங்குபவர் வாயால் கேட்டதற்கும் கையால் செய்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்த பொறுமை. பாமை அடித்துச் சாய்த்ததில், சரக்குக்கு முன்னால் ஓடிய சொல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று ஒரு கருவியோ செயலியோ செய்யும் இளைஞர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முதலில் உங்கள் மரத்துண்டைச் செதுக்குங்கள், சில வாரம் பையில் வைத்து நடந்து பாருங்கள். விற்பனைத் தேதியை அதற்குப் பிறகு அறிவியுங்கள்.