கல்லாற்றுக் கருமந்தியும் வேட்டைச் சட்டங்களும்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நம்மில் பலர் அவர்களை முதலில் அழைத்துப் போவது பொன்முடிக்குத்தான். நெடுமங்காடு, விதுரா தாண்டிக் கல்லாற்றில் வண்டியை நிறுத்துவோம். பிள்ளைகள் ஆற்றில் கால் நனைத்து முடித்ததும் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறவேண்டும். ஏறும்போது மரத்தின் உச்சியைக் கொஞ்சம் பாருங்கள். கரிய உடம்பு, தலையைச் சுற்றிப் பழுப்பு மயிர், நீண்ட வால். அதுதான் கருமந்தி. மலையாளிகள் கரிங்குரங்கு என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது.

இதைக் கொன்றதற்குக் காரணங்கள் மூன்று. கறி மருந்துக்கு ஆகும் என்ற நம்பிக்கை ஒன்று. கருங்குரங்கு ரசாயனம் என்ற பெயரை நம்ம பாட்டிமார் தலைமுறை நன்றாகவே கேள்விப்பட்டிருக்கும். தோல் மேளம் கட்ட ஆகும் என்பது இரண்டாவது. பளபளக்கும் கறுப்பு உரோமத்துக்கு விலை இருந்தது மூன்றாவது. ஆனால் வெகுகாலம் எந்த வேட்டைச் சட்டத்திலும் இதன் பெயர் கிடையாது. ஏன் என்று தேடிப் போனால் சுவாரசியமான சரித்திரம் கிடைக்கிறது.

தென்னாட்டில் வேட்டைக்கு என்று தனியாக வந்த பழைய சட்டம், 1879-ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். காட்டெருமை, கடமான், வரையாடு, மான் வகைகள், முயல், காட்டுக்கோழி, மயில், கௌதாரி, காடை என்று அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். துப்பாக்கி பிடித்த துரைமாருக்கு விளையாட்டும் விருந்தும் எவையோ, அவைதாம் பட்டியல். புலி இல்லை, சிறுத்தை இல்லை, நீர்நாய் இல்லை, குரங்கும் இல்லை. 1912-இல் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் வந்த காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும் இதே போக்குத்தான். கொம்பும் குளம்பும் உள்ளவற்றுக்கு இடம் உண்டு. உரோமத் தோலுக்காகக் கொல்லப்பட்டவற்றுக்கு இல்லை. புலியையும் சிறுத்தையையும் சுட்டவனுக்குச் சர்க்காரே சன்மானம் கொடுத்த காலம் அது. சன்மானமும் கிடைக்கும், தோலும் விலை போகும். அப்புறம் கேட்கணுமா?

திருவிதாங்கூரில் ராஜாவின் ஆட்சி. அங்கே சட்டம் வேறு. கொல்லம் ஆண்டு 1068-இல், அதாவது 1893-இல், இரண்டாம் ரெகுலேஷனாக வனச் சட்டம் வந்தது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது அது. சென்னைச் சட்டப்படி, ஒதுக்குக் காட்டுக்குள் விதியை மீறி வேட்டையாடுவதும் கண்ணியோ பொறியோ வைப்பதும் குற்றம். அது காத்தது காட்டை. விலங்கு காட்டின் ஒரு சரக்கு, அவ்வளவே. 1934-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா பெரியாற்றங்கரைக் காட்டை வேட்டை விலங்குச் சரணாலயம் ஆக்கினார். கல்லாற்றுக்கு அருகே பேப்பாறை சரணாலயமாவதற்கு 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெரிய மாற்றம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதன் முதல் வடிவத்தைப் படிக்கும்போது ஆச்சரியமாக இருக்கிறது. அதிலும் வேட்டை லைசென்ஸ் இருந்தது! சிறப்பு வேட்டை, பெருவேட்டை, சிறுவேட்டை, போதாததற்குப் பொறி வைத்துப் பிடிக்கத் தனி லைசென்ஸ் என்று நான்கு வகை. வேட்டையாடு, ஆனால் கணக்கு எழுதி வை என்பதே ஏற்பாடு. 1991 திருத்தத்தில்தான் இவை எல்லாம் நீக்கப்பட்டன. தோல் வியாபாரத்தின் கதவு அதற்கு முன்னே, 1986-இல், முக்கிய விலங்குகளுக்கு அடைக்கப்பட்டது. கருமந்தி விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. 2022 திருத்தத்துக்கு முந்தைய முதல் அட்டவணையில் அதன் வரிசை எண் 25-ஏ, சிறுத்தைக்கு 16-பி. இப்படி எழுத்து ஒட்டிய எண் என்றாலே பின்னால் செருகியது என்று அர்த்தம்.

சட்டம் மட்டும் போதவில்லை என்பதற்கு நீர்நாயும் புலியும் சாட்சி. இந்தியக் காடுகளிலிருந்து கள்ளத்தனமாகப் போன தோல்கள் திபெத்தில் விழாக்கால அங்கிகளுக்குக் கரை ஆயின. 2006 ஜனவரியில் ஆந்திராவின் அமராவதியில் நடந்த காலசக்கர விழாவில் இதை விட்டுவிடுங்கள் என்று தலாய் லாமா சொன்னார். அடுத்த மாதமே திபெத்தில் பலர் அந்த அங்கிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள்.

இனி, இத்தனை சட்டங்களுக்கு நடுவே கல்லாற்றுக் காட்டில் குடியிருக்கிற காணிக்காரர்கள். பொதிகை மலையின் இருபுறமும் வாழும் இவர்களின் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். துரைமார் வருவதற்கு வெகுமுன்பே கண்ணியும் வலையும் வைத்துப் பிழைத்தவர்கள். 1972 சட்டம் நிக்கோபார்ப் பழங்குடிகளின் வேட்டை உரிமையை 65-ஆம் பிரிவில் காப்பாற்றியது. காணிக்காரர்களுக்கு அப்படி ஒரு வரி இல்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நிலமும் தேனும் மூங்கிலும் அவர்களுக்கு உரிமை என்றது. கூடவே, வேட்டையாடுவதும் பொறி வைப்பதும் மட்டும் அந்த உரிமையில் சேராது என்றும் வெளிப்படையாக எழுதிவிட்டது. கருமந்தி பிழைக்க இது தேவை என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் விளையாட்டுக்குச் சுட்டவனுக்கு 1991 வரை லைசென்ஸ் இருந்தது, பசிக்குக் கண்ணி வைத்தவன் எப்போதும் குற்றவாளி என்பது உறுத்தாமல் இல்லை. அந்தக் காணி மக்களிடம் மருந்துக்குப் பஞ்சமும் இல்லை. கல்லாற்று லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது மூலிகை அறிவுக்காகத்தான்.

கடைசியாக நம்ம வீட்டு விஷயம். பழைய குடும்பங்களில் தாத்தா காலத்துப் புலித்தோல் பரணிலோ, கிருஷ்ணாஜினம் பூஜை அறையிலோ கிடக்கும். கிருஷ்ணாஜினம் என்பது வெளிமான் தோல். அதுவும் முதல் அட்டவணைதான். இப்படி அறிவிக்காமல் விட்டவர்களுக்கு 2003 ஏப்ரலில் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அது போய்விட்டது. சான்றிதழ் உள்ள பொருள் வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் வனத்துறையிடம் அறிவிக்க வேண்டும். விற்கக் கூடாது. வைத்துக்கொள்ள விருப்பம் இல்லையென்றால் 2022 திருத்தப்படி ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் ஒப்படைத்துவிடலாம். பணம் ஒன்றும் தரமாட்டார்கள். சான்றிதழ் எங்கே என்று தெரியாதவர்கள், வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.