பெயர்ச்சீட்டில்லாத முட்டை

ஓசூருக்கு அருகில் நான் படித்த பள்ளியின் விஞ்ஞான அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. ஸ்பிரிட் நிரம்பிய சீசாவில் ஒரு பாம்பு, மயிர் உதிர்ந்துபோன கீரிப்பிள்ளை ஒன்று, சில கற்கள். இவற்றுக்கு நடுவே, பஞ்சின்மேல், வாத்து முட்டையினும் பெரிய வெண்ணிற முட்டை ஒன்று. "அது பாறுக் கழுகின் முட்டை" என்பார் ஆசிரியர். பிணந்தின்னிக் கழுகுக்குப் பழந்தமிழர் இட்ட பெயர்களுள் பாறு என்பதும் ஒன்று. எங்களுடன் பயின்ற தெலுங்கு மாணவர்கள் அதனை ராபந்து என்றனர். கன்னட மாணவர்கள் ரணஹத்து என்றனர். மூன்று மொழிகளிலும் அதற்குப் பெயர் இருந்தது. எந்தப் பாறையில், எந்த மரத்தில், எந்த ஆண்டில் அந்த முட்டை எடுக்கப்பட்டது என்பது மட்டும் ஒரு மொழியிலும் எழுதி வைக்கப்படவில்லை.

1969-ஆம் ஆண்டு ஆசிரியர் எங்களைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகப் பேருந்துப் பயணம். முட்டைப் பெட்டி என் மடியில் இருந்தது. அதனைச் சேதமின்றிக் கொண்டுபோய்க் காட்டி, விவரம் கேட்டு வருவது என் பொறுப்பு.

எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சென்னைவாசிகள் அந்நாளில் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்குவர். இதில் கேலி பாதி, உண்மை பாதி. 1851-இல் அருங்காட்சியகம் தொடங்கியது நுங்கம்பாக்கத்தில் இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்தான். சென்னை இலக்கியச் சங்கம் அளித்த சுமார் 1,100 கனிப்பொருள் மாதிரிகளே அதன் முதல் செல்வம். எழும்பூருக்கு அது வந்தது 1854-இல். முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் ஒரு மருத்துவர். கல்லையும் எலும்பையும் மட்டும் வைத்தால் மக்கள் வரமாட்டார்கள் என்று கண்டு, உயிருள்ள பிராணிகளையும் வளாகத்தில் வைத்தார், கூட்டம் பெருகிற்று. 1855-இல் அது ஒரு மிருகக்காட்சி சாலையாகவே ஆயிற்று. பிராணிகள் பின்னர் வேறிடம் சென்றன. மரங்கள் குறைந்தால் மழையும் ஈரமும் குறையும் என்று 1840-களிலேயே எழுதியவர் இந்தப் பால்ஃபர். நம் எல்லைக்கு அப்பால் பெங்களூர் அருங்காட்சியகம் 1865-இல் தோன்றியபோது வழிகாட்டியவரும் அவரே.

திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் கண்டு எங்கள் வகுப்பே வாயடைத்து நின்றது. ஆனால் என் மனத்தில் நின்றது அதுவன்று. அலுவலர் ஒருவர் உள்ளறையில் ஓர் இழுப்பறையைத் திறந்து காட்டினார். பறவைகள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. பறப்பது போன்ற பாவனை இல்லை. கண்ணாடிக் கண்ணும் இல்லை. தசையை நீக்கி, பூச்சி அரிக்காமல் தோலில் மருந்து பூசி, பஞ்சு திணித்துத் தைத்த உடல்கள். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சிறு சீட்டு. அதில் ஊர், நாள், ஆணா பெண்ணா, எடுத்தவர் யார் என்ற குறிப்பு.

என் பெட்டியைத் திறந்தேன். முட்டையைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார். "பாறின் முட்டைதான். தம்பி, இது எங்கே கிடைத்தது? எப்போது?" என்றார். நான் ஆசிரியரைப் பார்த்தேன். ஆசிரியர் தரையைப் பார்த்தார். அவருக்கு முன்பிருந்த யாரோ வைத்துவிட்டுப் போனது அது. அலுவலர் கடிந்துகொள்ளவில்லை. "பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பிக் கொடுத்தார். அருங்காட்சியகம் அதனை ஏற்றுக்கொள்ளாது என்பது எனக்குப் புரிந்தது. ஊர் திரும்பும் வழியெல்லாம், நாளும் இடமும் இல்லாவிட்டால் என்ன, முட்டை முட்டைதானே என்று மனத்துக்குள் வழக்காடினேன்.

அந்த வழக்குக்குத் தீர்ப்பு, நான் அறியாமலே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் சொல்லப்பட்டிருந்தது. பொரி வல்லூறு என்னும் வேட்டைப் பறவையின் முட்டைகள் கூட்டிலேயே உடைந்து வந்தன. டெரக் ராட்கிளிஃப் என்னும் அறிஞர், அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த முட்டை ஓடுகளை அளந்தும் நிறுத்தும் பார்த்தார். 1947-ஐ ஒட்டி ஓடு திடீரென மெலிந்திருந்தது. வயல்களில் டி.டி.டி. முதலிய பூச்சிமருந்துகள் புழக்கத்துக்கு வந்த காலம் அது. நஞ்சு பறவையின் உடலில் சேர, ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்தையே அது தாங்காமற் போயிற்று. 1967-இல் அவர் இதனை வெளியிட்டார். முட்டை சேர்த்தவர்களுள் ஒருவரும் பூச்சிமருந்தை நினைத்துச் சேர்க்கவில்லை. நாளைக் குறித்து வைத்தார்கள்; அவ்வளவே. குறிப்பில்லாத ஓடு ஆயிரம் இருந்திருந்தாலும் அவருக்கு ஒரு பயனும் இராது.

நம் பக்கத்துக் கதை இதைவிடத் துயரமானது. 1990-களில் இந்தியாவில் பாறுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்தே காரணம் என்று 2004-இல் தெளிவாயிற்று. அம்மருந்து தங்கிய உடலைத் தின்ற பறவையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 2006-இல் கால்நடைகளுக்கு அதனை வழங்குவது தடைசெய்யப்பட்டது. ஆனால் பாறு ஒரு பருவத்தில் இடுவது ஒரே முட்டை. இழந்ததை அது விரைவில் ஈடுசெய்ய இயலுமா? எங்களுக்கு அண்மையில், கன்னட நாட்டு ராமநகரத்தின் குன்றுகளில் எஞ்சியவற்றுக்காக 2012-இல் ஒரு சரணாலயம் அமைத்தார்கள்.

ஓசூரில் சிப்காட் தொழிற்சாலைகள் எழுந்த பிறகு பிறந்த பிள்ளைகள், இங்கே பாறு பறந்தது என்றால் நம்புவதில்லை. எங்கள் அலமாரியிலிருந்த முட்டை அதற்குச் சாட்சி சொல்லியிருக்கக்கூடும். ஒரு வரிக் குறிப்பு இல்லாமையால் அது ஊமைச் சாட்சியாகிவிட்டது.

குறிப்போடு இருந்தவையும் எப்போதும் தப்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டெல்லியில் 1978-இல் திறக்கப்பட்ட தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரல் 26 அன்று தீக்கிரையாயிற்று. 2018 செப்டம்பரில் பிரேசில் நாட்டுத் தேசிய அருங்காட்சியகமும் எரிந்தது.

கிருஷ்ணகிரியில் 1993 முதல் அரசு அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அங்கே நடுகற்களின் முன்னே நான் நெடுநேரம் நிற்பதுண்டு. நம் வட்டாரத்து நடுகற்களில் புலியோடு போரிட்டு மாண்ட வீரர்களைச் செதுக்கியவை பல. வரலாற்று மாணவன் அதில் வீரனைக் காண்பான். நான் புலியையும் காண்கிறேன். இன்ன ஊரில் புலி இருந்தது, ஆநிரைக்கருகே வந்தது என்பதற்குக் கல்லிலே பொறித்த பெயர்ச்சீட்டு அது. ஆயினும் கல்லை அதன் ஊரிலிருந்து பெயர்த்து வந்துவிட்டால் அதற்கும் ஒரு சீட்டு வேண்டும்.

பள்ளியின் பழைய கட்டடத்தை இடித்தபோது அலமாரியிலிருந்த பொருள்களை வெளியே குவித்தார்கள். நான் போய்த் தேடினேன். பாம்புச் சீசா உடைந்திருந்தது, முட்டை தப்பியிருந்தது. தலைமையாசிரியரிடம் சொல்லி, புதிய ஆய்வுக்கூடத்தில் அதனை வைக்கச் செய்து, ஒரு சீட்டும் எழுதி ஒட்டினேன். "பாறு முட்டை. 1969-க்கு முன். இடம்:" என்று எழுதி, அதன் எதிரே ஒரு கோடு இழுத்தேன்.