ரோஸ் தெ ஷீனும் அம்மாவின் செம்பருத்தியும்

புதுவையில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலம். வீட்டுத் தோட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அம்மா கிணற்றடியில் வளர்த்த செடிக்குப் பிரெஞ்சுப் பெயர் தெரியாமல் 'செம்பருத்தி' என்றே எழுதிவிட்டேன். வாத்தியார் அதைச் சிவப்பு மையால் அடித்து, 'ரோஸ் தெ ஷீன்' என்று திருத்தினார். சீனத்து ரோஜா என்று பொருள். "உங்க வீட்டுப் பேரெல்லாம் புத்தகத்திலே கிடையாது" என்றார். வகுப்பே சிரித்தது. வெகுகாலம் அந்தச் சொல்லைச் சொல்லவே கூசினேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன், அது புத்தகத்தில் இருந்தது என்று. கொச்சியில் டச்சுக்காரர்களின் அதிகாரியாக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்களைக் கேட்டுத் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்', 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் இந்தச் செடிக்குப் பெயர் 'செம்பரத்தி'. லின்னேயஸ் 'ஹிபிஸ்கஸ் ரோசா-சினென்சிஸ்' என்று பெயர் வைத்தது 1753இல்தான். புத்தகக் கணக்கில் நம் பக்கத்துப் பெயருக்கே மூப்பு!

இன்று நர்சரிகளில் எல்லாவற்றையும் செம்பருத்தி என்றே விற்கிறார்கள். நம் பழைய செடியின் பூவில் ஐந்து இதழ்கள் அகல விரியும். நடுவில் நீண்ட தண்டு, அதன் நுனியில் ஐந்து சிறு பொட்டுகள். இதழ் கிழிந்த ஜரிகை போலத் தொங்கினால் அது கிழக்கு ஆப்பிரிக்க இனம். மலராமல் மிளகாய் போலச் சுருண்டே இருப்பது மெக்சிகோ பக்கத்துச் செடி. செம்பருத்திக்கு உறவு, ஆனால் செம்பருத்தி அல்ல.

நம் செடி எங்கும் காட்டில் தானாக வளர்ந்து காணப்பட்டதில்லை. இங்கே பெரும்பாலும் விதையும் பிடிப்பதில்லை. பென்சில் கனத்தில் அரையடிக் குச்சியை, கணுவுக்குக் கீழே வெட்டி, நுனியில் இரண்டு இலை விட்டு, நீர் தேங்காத மண்ணில் நிழலில் ஊன்ற வேண்டும். ஒருவர் கொடுத்து இன்னொருவர் நட்டால்தான் அதற்கு வாழ்வு.

பூர்வீக வீட்டை விற்றபோது நாலு குச்சி கொண்டுவந்தேன். ஒன்று பிழைத்தது. இன்று காலையும் பூத்திருக்கிறது. பேத்தி பெயர் கேட்டாள். செம்பருத்தி என்றேன், கூச்சமில்லாமல்.