இரு வாசல்களுக்கிடையே ஒரு தாய்

பெங்களூரு மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் இணைந்து நிம்ஹான்ஸ் உருவாயிற்று. அங்கே போதை மீட்புப் பிரிவு 1991இல் தொடங்கப்பட்டது. மனநோயுற்ற தாயைச் சேயிடமிருந்து பிரிக்காமல் இருவரையும் ஒருங்கே அனுமதிக்கும் பிரிவு 2009இல் தோன்றியது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது.

இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகள் ஒரு கேள்வியை எழுப்புகின்றன. போதை ஆண்களின் நோயென்றே கருதப்பட்டுவந்த சமூகத்தில், போதைக்கு ஆட்பட்ட கர்ப்பிணி எந்த வாசலை நாடியிருப்பாள்?

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி மது அருந்துவோர் ஆண்களில் 27.3 விழுக்காடு, பெண்களில் 1.6 விழுக்காடு. இச்சிற்றெண் அவளைக் கண்ணிலிருந்து மறைத்துவிடக் கூடியது. ஆயின் 2016–17ஆம் ஆண்டின் புகையிலை ஆய்வு, பெண்களில் 12.8 விழுக்காட்டினர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவதாகக் காட்டியது. வெற்றிலையோடு மெல்லும் புகையிலையைக் குடும்பம் போதையென எண்ணுவது அரிது. ஆகவே அதற்குச் சிகிச்சை தேடுவதும் அரிது.

உலக சுகாதார நிறுவனம் 2013இல் புகையிலை குறித்தும், 2014இல் மது முதலிய போதைப்பொருள்கள் குறித்தும், ஒவ்வொரு கர்ப்பகாலப் பரிசோதனையிலும் வினவுமாறு பரிந்துரைத்தது. அவ்வினா, கடிந்துரைக்காத குரலில், மகப்பேற்று மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவிலேயே கேட்கப்பட வேண்டும். கேட்கப்படாதவரை, இரு வாசல்கள் திறந்திருந்தும் அவளுக்கு வழி இல்லை.