சுங்கக்காரனின் நாக்கு

என் ரஸனையில் பாதி எனக்கு ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. அவர் பெயர் இங்கு வேண்டாம். 1970-களின் கடைசியில் வாரத்துக்கு இரண்டு மாலை அவர் வீட்டு மொட்டைமாடியில் நாலைந்து பேர் கூடுவோம். பேச்சு கவிதையைப் பற்றி. பல நாள் கவிதை எழுதுகிறவர்களைப் பற்றி. அவர் பைப் பிடிப்பவர். கோபன்ஹேகன் போய்வந்த அன்பர் ஒருவர் ஒரு தடவை அவருக்கென்று ஒரு டப்பா டேனிஷ் புகையிலை கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் வெனிலாவும் ஏதோ பழமும் கலந்த வாசனை. பற்றவைத்ததும் மாடியே மணத்தது. பைப்பைத் தொட்டறியாத நாங்கள் எல்லோரும் 'பிரமாதம்' என்றோம். அவர் பாதியிலேயே பைப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, "இது புகையிலை இல்லேப்பா, மிட்டாய்" என்றார். அப்போது புதிதாக வந்திருந்த ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி அன்று பேச்சு வந்தது. அதற்கும் அவர் அதே வார்த்தையைத்தான் சொன்னார்.

வார்த்தை எனக்குப் பிடித்துவிட்டது. பத்துப் பதினைந்து வருஷம் அதை வைத்து நான் காலம் தள்ளியிருக்கிறேன். சந்தம் கேட்டால் மிட்டாய், கண் கலங்கினால் மிட்டாய். எதிர்த்துக் கேட்டவர்களும் அதிகமில்லை. இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பின்னால்தான் தேடத் தோன்றிற்று. தேடியபோது அகப்பட்டது அழகியல் கொள்கை எதுவும் இல்லை. பிரிட்டிஷ் பார்லிமெண்டின் ஒரு தீர்வைச் சட்டம்.

முதலில், மிட்டாய் என்ற தீர்ப்பு எவ்வளவு தூரம் சரி என்று பார்க்கலாம். வாசனைப் புகையிலையில் மணம் இரண்டு கட்டங்களில் ஏறுகிறது. நறுக்குவதற்கு முன்னால் இலையைச் சர்க்கரை, அதிமதுரம், கோகோ முதலியன சேர்ந்த பாகில் ஊறவைப்பது ஒன்று. இது இலையின் முரட்டுத்தனத்தைத் தணிக்கும். இலையோடு ஒன்றிப்போய், இலையோடு சேர்ந்து எரியும். எல்லாம் முடிந்த பிறகு வெனிலாவோ செர்ரியோ ரம்மோ மேலாகத் தெளிப்பது இன்னொன்று. டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் தாக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். நெருப்புப் பட்டதும் முதலில் ஓடிப்போவதும் அதுதான். சரக்கு காய்ந்துபோகாமலிருக்க புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தையும் பல தயாரிப்பாளர்கள் சேர்ப்பதுண்டு.

ருசி பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பைப்பின் கிண்ணத்தை மூன்று தடவையாக நிரப்ப வேண்டும். முதலில் தளர்வாக, போகப்போக அழுத்தி. முதல் நெருப்பு மேல்பரப்பைக் கருக்குவதற்கு மட்டும். பொங்கி எழும் இழைகளை அமுக்கிவிட்டு இரண்டாம் தடவை பற்றவைத்தால்தான் கணக்கு. புகையை மார்புக்குள் இழுப்பதில்லை. வாயில் நிறுத்தி, கொஞ்சத்தை மூக்கு வழியாக விடுவார்கள். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு மாதிரியான சில சங்கதிகளுக்கு மேல் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும் பங்கு மூக்கினுடையது. ஈரம் மிகுந்த புகையிலையை அவசரமாக இழுத்தால் ஆவி நாக்கைச் சுடும். 'நாக்கைக் கடிக்கிறது' என்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு வெனிலா மணக்கும்போது பிடிக்கிறவனுக்கு வெறும் சூடும் ஒரு கசப்பும்தான் மிஞ்சுகிறது என்பது வாசனைப் புகையிலையின் மேல் உள்ள பழைய புகார். கிண்ணத்தின் கீழ்ப்பாதியில்தான் இது தெரியவரும். மேலே தெளித்ததெல்லாம் தீர்ந்தபின் அங்கே இலை தன் காலில் நிற்க வேண்டும்.

ஆகவே பெரியவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவர் உண்மையை விசாரித்துச் சொல்லவில்லை. ஒரு சம்பிரதாயத்தைச் சொன்னார். 'இங்கிலீஷ் கலவை' என்று பைப்காரர்கள் சொல்லும் சம்பிரதாயம் அது. வர்ஜீனியா இலை, துருக்கிப் பக்கத்துச் சிறு இலை, சிரியாவிலிருந்து வந்த லட்டாக்கியா ஆகிய மூன்றும் சேர்ந்தது. சர்க்கரை இல்லை, பாகு இல்லை. சுத்தமானது, ஆண்மையுள்ளது, தேர்ந்த ரஸிகனுக்கானது என்று பெயர். இனிப்பும் வாசனையும் அமெரிக்கர்களுக்கும் டேனிஷ்காரர்களுக்கும் கற்றுக்குட்டிகளுக்கும்.

இந்தச் சுத்தம் எப்படி வந்தது? 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்துக்கு வரும் புகையிலைக்கு எடைக் கணக்கில் தீர்வை. பவுண்டுக்கு 3 ஷில்லிங். இலையின் விலையைப்போல் அது பல மடங்கு. தீர்வை கட்டிய ஒரு பவுண்டு இலையில் சர்க்கரைப் பாகைச் சேர்த்து ஒன்றேகால் பவுண்டாக்கினால், அந்தக் கால் பவுண்டுக்குத் தீர்வை இல்லை. புகையிலை விலைக்கு விற்கலாம். 1840-ல் ஒரு சட்டம் பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. சர்க்கரையும் வேறு செடிகளின் இலைகளும் தாராளமாகப் புகையிலைக்குள் புகுந்தன. கஜானாவுக்கு அடி விழுந்தது. இரண்டே வருஷத்தில், 1842-ல், சுத்தப் புகையிலைச் சட்டம் வந்தது. சர்க்கரை, தேன், பாகு எதையும் புகையிலையில் சேர்க்கக் கூடாது.

அந்த வருஷமே லண்டனில் எக்ஸைஸ் இலாகா ஒரு பரிசோதனைச் சாலையை நிறுவியது. ஜார்ஜ் ஃபிலிப்ஸ் என்பவர் பொறுப்பு. புகையிலைக் கலப்படத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பின்னால் உணவு, மது எல்லாவற்றையும் சோதிக்கும் அரசாங்க ரசாயனச் சாலையாக வளர்ந்தது அதுதான். ஒரு தேசத்தின் புகையிலையை முதன்முதலாக முறைப்படி ருசி பார்த்தவர் சுங்கக்காரர் என்று சொல்லலாம். நாக்கால் அல்ல, மைக்ராஸ்கோப்பால். இந்தப் புகையிலை நன்றாயிருக்கிறதா என்பது அவர் கேள்வியில்லை. இதில் புகையிலையைத் தவிர வேறென்ன இருக்கிறது என்பதுதான்.

சட்டத்துக்கு இனிப்பின் மேல் விரோதம் எதுவும் இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சியும் உண்டு. 1863-ல் இன்னொரு சட்டம் வந்தது. இனிப்பூட்டிய கேவெண்டிஷ் ரகத்தைத் தீர்வைப் பண்டகசாலைக்குள், அதிகாரிகள் கண்முன்னால் தயாரித்துக்கொள்ள அது அனுமதித்தது. எடை கணக்கில் வந்துவிட்டால் இனிப்பு குற்றமில்லை. வாசனையின் கதையும் இதுதான். துளிக்கணக்கில் சேரும் வாசனை எண்ணெய் எடையைக் கூட்டுவதில்லை. அதற்குச் சட்டம் கதவைச் சாத்தவில்லை. வடக்கே கெண்டல் நகரத்தில், 18-ஆம் நூற்றாண்டிலிருந்து மூக்குப்பொடி அரைத்துவந்த ஊரில், ஜெரேனியமும் டோங்கா விதையும் மணக்கும் பைப் புகையிலை இந்தச் சுத்தத்தின் காலம் முழுவதும் தயாராகிக்கொண்டுதான் இருந்தது. லட்டாக்கியா இதைவிட ஸ்வாரஸ்யம். அதன் மணம் செடியிலிருந்து வருவதில்லை; இலையை விறகுப் புகையில் நாட்கணக்கில் தொங்கவிடுவதால் வருவது. வேலை கடலுக்கு அப்பால் முடிந்து, இலையாக வந்து, இலையாகத் தீர்வை கட்டி உள்ளே நுழைகிறது. அதனால் அது சுத்தம். விறகுப் புகை இயற்கை, வெனிலா செயற்கை என்று நாக்கு சொல்லவில்லை, தராசு சொல்லிற்று.

அரை நூற்றாண்டுக்குள் சட்டம் ரஸனையாகிவிட்டது. ஜே. எம். பேரி 1890-ல் 'மை லேடி நிகோடின்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதில் வரும் நண்பர்கள் 'ஆர்க்கேடியா' என்ற கலவையைத் தகுதியில்லாதவனுக்குக் காட்டிக்கொடுக்கவே தயங்குகிறார்கள். ஒரு கலவை ஒரு சிறு கூட்டத்தின் ரகசிய அடையாளம் ஆகிவிடுகிறது. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆல்ஃபிரட் டன்ஹில் 1907-ல் லண்டன் ட்யூக் தெருவில் கடை திறந்தார். வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற கலவையை ஒரு பேரேட்டில் எண் போட்டு எழுதிவைத்தார். அவரவர் சொந்த நாக்கு என்று அவரவர் நம்பினார்கள். ஆனால் அந்தத் தனித்தனி நாக்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எல்லையை 1842 முன்பே வரைந்திருந்தது.

ஷெர்லக் ஹோம்ஸையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம். 1887-ல் வந்த அவருடைய முதல் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்கிறார். நம் ஊர்ச் சுருட்டுக்கு இங்கிலீஷ் இலக்கியத்தில் கிடைத்த இடம் அது. 140 வகைப் புகையிலைச் சாம்பல் பற்றி ஆராய்ச்சி எழுதியவர் என்று கோனன் டாயில் அவரைச் சித்திரிக்கிறார். ஆனால் தனக்கென்று அவர் வைத்திருந்தது காரமான, முரட்டு ஷாக் புகையிலை. அடையாளம் காண்பது வேறு, மதிப்பிடுவது வேறு. நம் விமர்சனத்தில் பெரும்பகுதி முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதற்கும் கூலி கேட்பது.

கடலுக்கு அந்தப்புறம் வேறு நிலம், வேறு சட்டம், வேறு செடி. ஒஹையோவின் பிரௌன் கவுண்டியில் 1864-ல் ஒரு பண்ணையில் சில நாற்றுகள் வெளிறிப்போய் முளைத்தன. நோய் என்று நினைத்தார்கள். அதுதான் வெள்ளை பர்லி. அந்த இலையில் சொந்தச் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் பாகைப் பஞ்சுபோல் உறிஞ்சும். இனிப்பூட்டுவது அங்கே கலப்படமல்ல, சமையல். ரசாயனமும் கைகொடுத்தது. டோங்கா விதையின் மணமான கூமரினை 1868-ல் பெர்கின் செயற்கையாகச் செய்தார். வெனிலாவின் மணமான வெனிலினை 1874-ல் டீமானும் ஹார்மானும் செய்தார்கள். அரிய பொருளாக இருந்த வாசனை மலிவாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு டேனிஷ் தயாரிப்பாளர்கள் இந்தப் பாணியைக் கையிலெடுத்து உலகெங்கும் அனுப்பினார்கள். எங்கள் மாடிக்கு வந்த டப்பா அந்த வம்சம்.

எல்லா ரஸனையும் சட்டத்தின் நிழல்தான், ஆகவே எதற்கும் மதிப்பில்லை என்ற முடிவுக்கு நான் வரவில்லை. அது சோம்பேறிகளின் முடிவு. மட்டமான இலையை வெனிலாவில் முக்கி விற்பது இருக்கவே இருக்கிறது; கிண்ணத்தின் அடிப்பாதி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இலையோடு ஊறி இலையோடு எரியும் இனிப்பும், மேலே தெளித்து முதல் நெருப்பில் ஓடிவிடும் இனிப்பும் ஒன்றல்ல. மிட்டாய் என்ற ஒற்றை வார்த்தை இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டது. கவிதையில் நான் செய்ததும் இதுதான். சந்தம் எங்கே சேர்ந்தது, சொல்லோடு ஊறியதா, மேலே தெளித்ததா என்று பார்க்கவில்லை. சந்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். சுங்கக்காரரின் கேள்வி அது.

இப்போது இரண்டாம் தடவையாகச் சட்டம் வாசனையில் கைவைத்திருக்கிறது. அமெரிக்கா 2009-ல் மெந்தால் தவிர மற்ற வாசனைகளைச் சிகரெட்டில் தடை செய்தது. ஐரோப்பிய யூனியன் 2014-ல் சிகரெட்டுக்கும் கையால் சுருட்டும் புகையிலைக்கும் தடை விதித்தது. மெந்தாலுக்கு 2020 வரை தவணை. இரண்டு இடத்திலும் பைப் புகையிலை அந்தத் தடைக்குள் வரவில்லை. 1842-ன் கவலை கஜானா. இதன் கவலை, இனிப்பைக் காட்டிச் சிறுபிள்ளைகளை இழுக்கிறார்கள் என்பது. இந்தக் கவலை நியாயமானது. மார்புக்குள் இழுக்காத பைப் புகையும் வாய்ப் புற்றுநோய் தரும் என்பது சந்தேகத்துக்கிடமில்லாமல் தெரிந்த விஷயம். சுத்தக் கலவையாயிருந்தாலும் சரி, வாசனைக் கலவையாயிருந்தாலும் சரி.

பெரியவருக்கு 1990-களின் நடுவில் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு பேச்சு குழறிற்று. அவர் பேச்சை நிறுத்தவில்லை. அப்போதுதான் நான் இந்தச் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்திருந்தேன். 1842-ஐப் பற்றி அவரிடம் ஒரு நாள் சொன்னேன். குற்றம் சாட்டுவதாக நினைத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு கேட்டார்: "ஏம்ப்பா, அந்த டேனிஷ் டப்பாவை நான் கடைசிவரைக்கும் பிடிச்சேனா?"

"இல்லை சார், பாதியிலே தட்டிட்டீங்க."

"அப்போ எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றார்.

அவர் அன்று மிட்டாய் என்று சொன்ன அந்தக் கவிதைத் தொகுப்பு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. போன மாதம் எடுத்தேன். நானும் அதை அப்போது பாதிக்கு மேல் படித்திருக்கவில்லை. மீதிப் பக்கங்களை இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறேன்.