பிக்கப் குறைந்த கார்: ஒரு பட்டறைத் தொழிலின் வரலாறு

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவி உரிமையாளர் கைக்குப் போனது. அதுவரை இந்தியப் பட்டறைகளுக்குப் பழகியவை அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளே. அம்பாசிடரின் 1489 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு முன் மாருதியின் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் ஏறக்குறையப் பாதி. நான்கில் ஒரு சிலிண்டர் படுத்தாலும் அம்பாசிடர் முக்கி முனகி வீடு சேர்ந்துவிடும். மூன்றில் ஒன்று படுத்தால் மாருதி மேம்பாலம் ஏறவே திணறும். 'பிக்கப் இல்லை' என்பது பட்டறைகளின் அன்றாடப் புகாரானதில் சிறிய எஞ்சினுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்தக் காலத்து மெக்கானிக்குக்குக் கருவிகள் குறைவு. எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றுவார். கழற்றியதும் எஞ்சின் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது; எந்த மாற்றமும் இல்லையென்றால் கோளாறு அங்கேதான். அடுத்து பிளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பார். இளம் பழுப்பு நிறம் என்றால் பெட்ரோல்-காற்றுக் கலவை சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். ரிங் மீது சந்தேகம் வந்தால், எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறப்பார். புகை குபுகுபுவென்று வந்தால் செலவு பெரிது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டுகள் தீய்ந்து குழி விழுந்தாலும் இழுவை போகும். எமரித் தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜை நுழைத்து, அரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட இடைவெளி வைப்பார்கள். கேஜ் இல்லாத இடத்தில் ஹாக்ஸா பிளேடே கேஜ்.

எல்லாவற்றிலும் நுட்பமான வேலை கார்புரேட்டர் டியூனிங். மாருதிக்கான கார்புரேட்டர்கள் ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1985-இல் தொடங்கிய யூகால் நிறுவனத்திலிருந்து, சென்னையை அடுத்த மறைமலை நகரிலிருந்து வந்தன. மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் இரண்டின் துளைகளும் ஊசிமுனை அளவே. டேங்கின் அடியிலிருந்து வந்த துரு மெயின் ஜெட்டின் துளையை அடைத்தால் போதும்: ஐடிலிங் சீராக இருக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி எழாது. கழற்றி, பெட்ரோலில் கழுவி, காற்றடித்து மாட்டினால் தீரும் கோளாறு. அனுபவம் இல்லாதவர் கம்பியை விட்டுக் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிடுவார். அதன்பின் அந்த வண்டி பெட்ரோலை நிறுத்தாமல் குடிக்கும்.

சில வேளைகளில் குற்றவாளி வண்டியே அல்ல, பெட்ரோல். மானிய விலை மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் இருந்த விலை இடைவெளி கலப்படத்துக்கு வழிவிட்டது. மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு என்பதால் எஞ்சின் 'நாக்' அடிக்கும். அந்தச் சத்தத்தை அடக்க மெக்கானிக் இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளுவார். சத்தம் நிற்கும், இழுவையும் குறையும். பிறகு நல்ல பெட்ரோல் போட்டாலும் டைமிங்கை மறுபடி முன்னே கொண்டுவராத வரை வண்டி மந்தமாகவே ஓடும். பெட்ரோல் பங்கில் தொடங்கிய கோளாறு இப்படிப் பட்டறையில் நிரந்தரமானது.

1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும். நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்ததோ 2000 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் நகரத்துக் கார்கள் வெளியூரில் கிடைத்ததை நிரப்பின. கன்வர்ட்டர் அடைத்தால் புகை வெளியேற வழியின்றி எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அதை உள்ளே குத்திக் காலி செய்வது சில பட்டறைகளின் குறுக்குவழி. வண்டி ஓடியது, கன்வர்ட்டர் பெயருக்கு மட்டும் இருந்தது.

உண்மையான திருப்பம் 1998. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினோடு வந்தது. மாசு விதிகள் இறுகியதும் மாருதி 800-உம் அதே வழிக்கு வந்தது. திருகித் திருத்த இனி ஸ்க்ரூ இல்லை. எவ்வளவு பெட்ரோல் என்பதைக் கணினி தீர்மானித்தது. கார்புரேட்டரில் பேர் வாங்கியவர்களில் பலர் இங்கேதான் பின்தங்கினர். சுதாரித்தவர்கள் ஸ்கேனர் வாங்கக் காத்திருக்கவில்லை. அக்கால மாருதிகளில் டயக்னாஸ்டிக் முனையை ஒரு வயர்த்துண்டால் எர்த் செய்தால் 'செக் எஞ்சின்' விளக்கு கண்சிமிட்டும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12: கணினிக்குக் கோளாறு எதுவும் தெரியவில்லை என்று பொருள். வேறு எண் வந்தால் கையேட்டைப் புரட்ட வேண்டும். 2013 ஏப்ரலில் வண்டிக்குள்ளேயே கோளாறைக் கண்டறியும் ஓ.பி.டி.-2 முறை கட்டாயமானபின் கோளாறு எண்கள் பொதுவாயின. மலிவான புளூடூத் அடாப்டரும் கைபேசியும் இருந்தால் உரிமையாளரே படிக்கலாம்.

ஆனாலும் கோளாறு எண் காட்டுவது சென்சார் உணர்ந்ததை மட்டுமே. அழுக்கேறிய ஏர் ஃபில்டர், வழுக்கும் கிளட்ச், விடாமல் உரசும் பிரேக் ஆகியவை பெரும்பாலும் எந்த எண்ணையும் தராமலே பிக்கப்பைக் குறைக்கும். ஸ்கேனர் சொன்னது என்பதற்காக ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டு, சைலன்ஸர் குழாயில் இருந்த ஓட்டையை விட்டுவிடுவது இந்தத் தலைமுறைப் பட்டறைகளின் பொதுப் பிழை.

அண்மையில் எத்தனால் கலப்பு பழைய வண்டிகளுக்கு வேறொரு சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. 20 சதவீதக் கலவை 2023-இல் பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின்கள் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து அளவைக் கூட்டிக்கொள்கின்றன. ஜெட் அளவு மாறாத கார்புரேட்டருக்கு அது முடியாது, கலவை மெலிகிறது. டேங்கில் படிந்த பழைய கசடையும் எத்தனால் கரைத்துக் கிளப்புகிறது. மிச்சமிருக்கும் மாருதி 800-களின் ஜெட்டுகளைக் கழற்றிக் கழுவும் வேலை இதனால் இன்னும் முடிந்தபாடில்லை.